கை ஏன் பாதியில் வலிக்கிறது?

நாள் முழுக்க அண்ணாந்தபடி உத்தரத்துக்கு வெள்ளையடித்தவருக்கு, மறுநாள் சட்டை மாட்டுவதே பெரும்பாடாகிவிடும். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் முதலில் ஒன்றும் தெரியாது. 60 பாகை தாண்டியதும் சுருக்கென்று பிடிக்கும். 120 பாகைக்கு மேல் போனால் விட்டுவிடும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

இடுப்பு மூட்டில் எலும்புப் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அப்படியில்லை, சின்னத் தட்டின் மேல் வைத்த சாத்துக்குடி மாதிரிதான். அதனால்தான் கையை எந்தத் திசையிலும் சுழற்ற முடிகிறது. பந்து நழுவாமல் பிடித்துக்கொள்வதில் நான்கு தசைகளுக்கும் அவற்றின் நார்களுக்கும் பெரும்பங்கு. இந்தத் தொகுப்புக்கு ‘ரொட்டேட்டர் கஃப்’ என்று பெயர். இவற்றில் மேலே இருக்கும் நார், தோள்முனை எலும்புக்கு அடியில், சுமார் 1 செ.மீ. இடைவெளிக்குள் ஓடுகிறது. பெரும்பாலும் அடிபடுவது அதுதான்.

அந்த நாரின் மேல் எலும்பு உரசுவதே வலிக்குக் காரணம் என்று அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் 1972-இல் எழுதினார். எலும்பைச் செதுக்கும் அறுவைச் சிகிச்சை அதற்குப் பின் பரவியது. ஆனால் 2018-இல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு அதை அசைத்துப் பார்த்தது: துளைவழியே உள்ளே பார்த்துவிட்டு எலும்பைத் தொடாமலே விட்டவர்களும், செதுக்கிக்கொண்டவர்கள் அளவுக்கே தேறியிருந்தார்கள். பழக்கமில்லாத பாரம் திடீரென்று நாரின் மேல் விழுவதே முக்கியமான காரணம் என்ற எண்ணம் இன்று வலுத்திருக்கிறது.

அப்படியானால் மருந்தும் பாரம்தான், கொஞ்சம் கொஞ்சமாக. முதல் சில நாள் தலைக்கு மேல் கை தூக்கும் வேலையை நிறுத்துங்கள். ஆனால் கையைக் கட்டிப்போட்டுவிடாதீர்கள். அசையாத தோள் இறுகிப்போகும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல ஆட்டுங்கள். பாஸ்டன் மருத்துவர் காட்மன் பெயரால் வழங்கும் பயிற்சி இது. வலி தணிந்ததும் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, புறங்கையால் சுவரைத் தள்ளுங்கள். பிறகு ரப்பர் பட்டை, சிறு எடை. பிசியோதெரபிஸ்ட் அருகிலிருந்து பழக்கினால் நல்லது. வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகலாம். பாதியில் விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

சுளுக்கென்று சொல்லி முரட்டுத்தனமாக இழுத்து நீவுவதை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லையென்றால் நார் அறுந்திருக்கலாம், மூட்டு விலகியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோள்வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது இதயத்தின் கோளாறாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.