வியாபாரக் கல்வியும் ஏழையின் கணக்கும்

வியாபார நிர்வாகத்தில் மேல்படிப்புப் படிக்கும் வாலிபர்களிற் சிலர், அக்கல்வியைக் கொண்டு தரித்திரத்தைக் குறைக்க விரும்புவதாகச் சொல்லுகிறார்கள். லாபம் ஈட்டக் கற்பிக்கும் கல்விக்கும் ஏழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாருண்டு. அவர்களுக்குக் குஜராத்தின் கெய்ரா ஜில்லாவே விடையாகும்.

1946-ல் அந்த ஜில்லாவின் விவசாயிகள், தரகர் வைத்த விலைக்குப் பால் ஊற்ற மறுத்து, திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். பால் ஒரு பொழுதிற் கெடும் சரக்கு. தரும சிந்தை மட்டும் அதைக் காக்காது. குளிர்சாதனமும், சரியான அளவையும், பிசகாத கணக்கும், பம்பாய்ச் சந்தையுமே காத்தன. இவற்றில் தேர்ந்தவர்கள் விவசாயிகளின் ஊழியராய் உழைக்க வேண்டுமென்றே, 1979-ல் வர்கீஸ் குரியன் ஆனந்தில் கிராம நிர்வாகக் கலாசாலையை நிறுவினார். மாணவர் கிராமத்தில் தங்கிப் பயில்வதும் அங்கே பாடமாயிற்று. 2025-ல் அது சர்வகலாசாலையாக உயர்ந்தது.

ஆயினும் அங்குப் பட்டம் பெற்றோர் யாவரும் கிராமத்துக்குச் சென்றாரில்லை. கம்பெனிகளும் பாங்குகளும் பலரை இழுத்துக்கொண்டன. அவர்களை மட்டும் நிந்திப்பது நியாயமன்று. தகுந்த ஊதியம் தராது தியாகத்தையே எதிர்பார்க்கும் சங்கத்தில் எவர் நிலைப்பார்? ஏழையின் தொழிலுக்கு நல்ல நிர்வாகி வேண்டுமாயின், சங்கங்கள் அவருக்கு உரிய சம்பளமும் அதிகாரமும் அளிக்க வேண்டுமென வற்புறுத்துகிறோம். வாலிபர்களும், யாருடைய லாபத்துக்குக் கணக்கெழுதப் போகிறோம் என்பதைப் பட்டம் வாங்குமுன்னரே தீர்மானித்துக்கொள்வார்களாக.