ஓ.எம்.ஆரில் ஒரு தூரம்... ஈ.சி.ஆரில் ஒரு தூரம்!

சென்னையை அடுத்த நாவலூர்க்காரர்களுக்கு இரண்டு சாலைகள். வடக்கே வண்டியைத் திருப்பினால் ஓ.எம்.ஆர்: சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம், பெருங்குடி என மத்திய கைலாஷ் வரை சுமார் 20 கிலோமீட்டர். தெற்கே போய் கேளம்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் கோவளம். அங்கிருந்து ஈ.சி.ஆரில் மாமல்லபுரம், அப்படியே புதுச்சேரி.

பெட்ரோல் பைக்குக்கு ஓ.எம்.ஆர் எதிரி, ஈ.சி.ஆர் நண்பன். பேட்டரி ஸ்கூட்டருக்கு இது அப்படியே தலைகீழ். ஒரு டேங்குக்கோ, ஒரு சார்ஜுக்கோ எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விக்கு நாவலூரில் ஒரே பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

மெட்ரோ ரயில் பணியால் குறுகிப்போன ஓ.எம்.ஆரில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகும்போது, பெட்ரோல் இன்ஜின் நின்ற இடத்திலேயே எரிபொருளைக் குடிக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் வேகமெல்லாம் வெறும் சூடாகி வீணாகிறது. பேட்டரி வண்டியோ நிற்கும்போது மோட்டாரைச் சுழற்றுவதில்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும் வசதியும் பல மாடல்களில் உண்டு.

ஈ.சி.ஆரில் ஏறினால் காட்சி மாறும். டாப் கியரில் சீராக 50-ல் போனால் பைக்கின் மைலேஜ் கூடும். 80-க்கு மேல் முறுக்கினால் குறையும். ஸ்கூட்டரிலோ திரையில் சார்ஜ் சதவிகிதம் மளமளவென இறங்கத் தொடங்கும். வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். கோடையின் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று வேறு முகத்தில் அறையும். பிரேக்கே பிடிக்காத சாலையில் பேட்டரிக்குத் திரும்பி வரவும் ஒன்றுமில்லை.

விளம்பரத்தில் வரும் எண்ணுக்கும் கையில் கிடைக்கும் தூரத்துக்கும் இடையிலான பள்ளம் இங்கேதான் விழுகிறது. மின்சார இருசக்கர வண்டிகளின் சான்றளிக்கப்பட்ட தூரத்தை ஐ.டி.சி எனப்படும் இந்திய ஓட்டச் சுழற்சிப்படிதான் அளக்கிறார்கள். 108 விநாடிகள் கொண்ட ஒரு சுற்று, ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டப்படும். உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர், சராசரி சுமார் 22. ஓ.எம்.ஆர் நெரிசலுக்குப் பொருந்தும் கணக்கு. ஈ.சி.ஆரில் 42-ல் போனால், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தே ஓரங்கட்டிவிடும். சென்னை ஐ.ஐ.டி-யில் முளைத்து, ஓசூரில் தொழிற்சாலை நடத்தும் ஏத்தர் நிறுவனத்தின் 450எக்ஸ் ஸ்கூட்டரின் மூன்றாம் தலைமுறை, 2022-ல் வந்தபோது சான்றிதழில் 146 கிலோமீட்டர். சாலையில் 105 என்று அந்த நிறுவனமே சொன்னது.

105 குறைச்சலா? அந்த வண்டியின் பேட்டரி 3.7 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் இருப்பது ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல். ஆக, அரை லிட்டர் பெட்ரோலைவிடக் குறைவான ஆற்றலை வைத்துக்கொண்டு அந்த ஸ்கூட்டர் 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பெட்ரோல் இன்ஜின், தான் குடிப்பதில் கால் பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிது. மீதி சைலன்ஸரிலும் சூட்டிலும் போய்விடும். பெட்ரோல் ஜெயிப்பது அளவால். 9.8 லிட்டர் டேங்க் உள்ள ஸ்ப்ளெண்டர் லிட்டருக்கு 60 கொடுத்தால், நாவலூரில் நிரப்பிக்கொண்டு மதுரையைத் தாண்டலாம்.

போதாததற்கு, ரிசர்வ் என்றொரு தைரியமும் பழைய பெட்ரோல் வண்டிகளில் இருந்தது. டேங்குக்குள் இரண்டு குழாய்கள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. உயரக் குழாயின் வாய்க்குக் கீழே பெட்ரோல் இறங்கியதும் வண்டி திக்கித் திணறும். இடது கையால் தடவி, டேங்குக்கு அடியிலுள்ள நாபைத் திருப்பினால், குட்டைக் குழாய் வழியாக அடுத்த பங்க் வரை ஓடும். அதுவும் தீர்ந்தால் வண்டியை ஒருபக்கம் நன்றாகச் சாய்த்து, டேங்கின் மறுபக்கப் பள்ளத்தில் கிடப்பதை நாப் பக்கம் வரவைத்துக் கிளப்புவார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்து, கார்புரேட்டரின் இடத்தில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பரவியதும் அந்த நாபும் போய்விட்டது. இப்போது பெட்ரோல் வண்டிக்காரரும் மீட்டரில் மின்னும் விளக்கை நம்பித்தான் ஓட்டுகிறார்.

பேட்டரிக்கு இன்னொரு குறையும் உண்டு. டேங்க் பத்து வருடம் கழித்தும் அதே 9.8 லிட்டர்தான் பிடிக்கும். பேட்டரி வருடா வருடம் சுருங்கும். 105 தந்த பேட்டரியின் திறன் 70 சதவிகிதமாகக் குறைந்தால் 73 கிலோமீட்டர்தான். அப்போதும் நாவலூரிலிருந்து மத்திய கைலாஷ் போய்த் திரும்ப 40 கிலோமீட்டர் போதும். அலுவலகம் போகிறவருக்கு அது தாராளம். நாள் முழுக்க உணவு டெலிவரி செய்பவருக்குத்தான் மதியமே சார்ஜ் கவலை வந்துவிடும். புதுச்சேரி போகிறவர் வழியில் எங்காவது செருகியே ஆக வேண்டும். வேக சார்ஜரிலும் நிமிடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவில் ஏறினால், 60 கிலோமீட்டருக்கு 40 நிமிடம். எல்லா சார்ஜரும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவில் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்பதுதான் பேட்டரி வண்டியின் பெரிய பலம். பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இல்லாத அடுக்குமாடியில் அந்தப் பலம் செல்லாது. 105-ஆ, 150-ஆ என்று ஷோரூமில் கேட்பதற்கு முன்னால், குடியிருப்போர் சங்கத்திடம் ஒரு பிளக்குக்கு அனுமதி கேட்டு வாங்கிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் பெட்ரோல் வண்டியே மேல்.