எந்த ஊர்ப் பிள்ளை?

வெளிமாநிலத்தில் தமிழர் இருவர் சந்தித்துக்கொண்டால், பெயரைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்பது நம் வழக்கம். இருபது ஆண்டுகளாக நாகபுரியில் குடியிருப்பவரும் அக்கேள்விக்குத் திருநெல்வேலி என்றோ திருவையாறு என்றோ விடை சொல்லி மகிழ்வார். அதே கேள்வியைக் கல்லூரி விண்ணப்பம் நம் பிள்ளைகளிடம் கேட்கும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. அங்கே சான்றிதழோடு சொல்லும் விடையே செல்லும். அன்றியும், ஒவ்வொரு கல்லூரி வாயிலும் அக்கேள்வியை ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது.

பிள்ளை நன்றாகப் படித்தால் போதும், இடம் தானே கிடைக்கும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2023ஆம் ஆண்டு என் தமக்கையின் மகளுக்கு நேர்ந்த அனுபவம் அந்த எண்ணத்தை மாற்றிற்று.

அவள் பத்தாம் வகுப்பு வரை பெங்களூரில் படித்தவள். அத்தானை அவர் வேலை பார்த்த தனியார் ஆலை நாகபுரிக்கு மாற்றவே, பதினொன்றும் பன்னிரண்டும் இங்கே படித்தாள். பொறியியல் கற்க வேண்டும் என்பது அவள் ஆசை, மதிப்பெண்ணிலும் குறைவில்லை. மகாராட்டிர மாநில ஒதுக்கீட்டுக்கோ, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இம்மாநிலத்திலேயே தேறியிருத்தல் வேண்டும் என்றார்கள். ‘சரி, சொந்த நாடு இருக்கிறதே’ என்று தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க முனைந்தோம். அங்கே இருப்பிடச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அத்தான் மே மாத வெயிலில் ஊருக்கு ஓடினார்.

அங்கே பெயர் குறுக்கே நின்றது. அத்தானின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘சு. முத்தையா’ என்றிருந்தது, ஆதார் அட்டையில் ‘முத்தையா சுப்பையா’ என்றிருந்தது, மகளின் மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயர் ‘எம். சுப்பையா’ என்றிருந்தது. (பெயர்களை மாற்றியே எழுதியிருக்கிறேன்.) மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிப்பதற்குள் விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிட்டது.

கருநாடகத்தில் ஏழு கல்வியாண்டுகள் படித்து, பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ அங்கே தேறிய மாணவர், அம்மாநிலப் பொது நுழைவுத் தேர்வு எழுதி அங்குள்ள இடங்களுக்குப் போட்டியிடலாம் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். அவளுக்குரிய வாயில் ஒன்று திறந்தே இருந்திருக்கிறது. அதைத் தட்டு என்று சொல்லத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை. அவள் இங்கேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்தாள். ஒரு நாளும் எவரையும் குறை சொன்னதில்லை. அதுதான் என் நெஞ்சில் தைக்கிறது.

நான் பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன்; கல்லூரிப் படியை மிதித்தவன் அல்லன். ஆயினும் விதிகளைப் படிப்பதும் கோப்புக் கட்டுவதும் என் அன்றாடத் தொழில். அதற்குப் பின்னர் சேர்க்கைத் தகவல் கையேடுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். நம்மவர்க்கு வேண்டியவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

வாயில்கள் பல

ஐ.ஐ.டி. எனப்படும் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் மாநிலக் கணக்கு இல்லை, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் தரவரிசையே அங்கே கணக்கு. என்.ஐ.டி. எனப்படும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தார்க்கு உரியவை. ஆனால் அங்கே ‘மாநிலத்தார்’ என்பது பூர்விகத்தைக் குறிப்பதன்று. பன்னிரண்டாம் வகுப்பை எங்கே எழுதினார் என்பதைக் குறிப்பது. நாகபுரியில் பன்னிரண்டு தேறிய தமிழ்ப் பிள்ளைக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் உள்ளூர்ப் பங்கு கிடையாது. நாகபுரியில் உள்ள விசுவேசுவரய்யா தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உண்டு.

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையோ வேறு விதம். அங்கே 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடுகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்க்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டியதில்லை. அவ்வகுப்புகளுள் ஒன்றையேனும் வெளியே படித்திருப்பின், தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர் என்னும் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். ஆகவே இந்த வாயில் நம் பிள்ளைகளுக்கு மூடப்படவில்லை. அதன் சாவி தாசில்தார் அலுவலகத்தில் இருக்கிறது.

மகாராட்டிரத்தில் என் போன்ற மத்திய அரசு ஊழியர்க்கு ஒரு சலுகை உண்டு. தாயோ தந்தையோ பணி மாற்றத்தால் இம்மாநிலத்தில் வந்து பொறுப்பேற்றிருந்தால், பொறியியல் சேர்க்கையில் பிள்ளையைத் தனி வகையாக ஏற்கிறார்கள். அலுவலகச் சான்றை உரிய நாளுக்குள் கொடுத்தல் வேண்டும்.

மருத்துவத்துக்கு வாயில் நீட் தேர்வு ஒன்றே. ஆனால் அரசுக் கல்லூரிகளில் 15 விழுக்காடு இடங்களே அகில இந்திய ஒதுக்கீடு. மிகுந்த 85 விழுக்காடு மாநிலங்களுக்கு உரியவை. ஆதலின் மருத்துவம் விரும்பும் பிள்ளையின் வீட்டில் ‘எந்த மாநிலம்’ என்னும் கேள்விக்கு முன்கூட்டியே ஒரே விடை இருத்தல் வேண்டும். இரண்டு மாநிலங்களில் பூர்விகம் கோருவது பிள்ளையின் இடத்துக்கே ஆபத்தாக முடியும்.

கலை, அறிவியல், வணிகம் கற்க விரும்புவோர்க்கு, 2022 முதல் டில்லிப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்கள் ‘க்யூட்’ என்னும் பொதுத் தேர்வின் வழியே இளநிலைப் படிப்புகளுக்கு இடம் தருகின்றன. அதில் உள்ள 13 மொழிகளுள் தமிழும் ஒன்று. பள்ளியில் தமிழைப் பாடமாக எடுத்த பிள்ளைக்கு அது மதிப்பெண்ணாகவும் பயன்படலாம்; விரும்பும் பல்கலைக்கழகம் எந்தெந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று பார்த்தே தேர்ந்துகொள்ள வேண்டும்.

பெயரும் சான்றும்

நம்மவர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. வடபுலத்துப் பள்ளிகளோ குடும்பப் பெயர் கேட்கின்றன. எழுத்தர் எதையாவது எழுதுகிறார்; நாமும் தலையசைத்துவிடுகிறோம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் பதியும் பெயரே பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குச் செல்கிறது. பின்னர் திருத்துவது எளிதன்று. ஆகவே பிள்ளையின் பெயர், தாய் தந்தையர் பெயர், பிறந்த நாள் ஆகியவை எல்லாத் தாள்களிலும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கின்றனவா என்று அந்தப் பதிவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சாதிச் சான்றிதழிலும் நம்மவர் ஏமாறும் இடம் உண்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பினரோ பழங்குடியினரோ வேறு மாநிலத்தில் குடியேறினால், குடியேறிய மாநிலத்தின் ஒதுக்கீட்டை அங்கே கோர இயலாது என்று உச்சநீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. ஆனால் மத்திய அரசின் கல்வி நிலையங்களில் சொந்த மாநிலத்துச் சான்றிதழ் செல்லும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கு, தமிழ்நாட்டில் வழங்கும் சான்றிதழ் வேறு. மத்திய நிலையங்கள் கேட்கும் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. பின்னதை ஜே.இ.இ. சேர்க்கைக்கு அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாளோ அதற்குப் பின்னரோ புதிதாகப் பெற்றிருத்தல் வேண்டும்.

ஆண்டுக்கொரு வேலை

எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் பெயர்களை ஒழுங்குசெய்க. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது கோயிலையும் உறவினரையும் பார்ப்பதோடு, இ-சேவை மையத்தையும் பார்த்துவிட்டு வருக. தந்தையின் பழைய பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்து வைப்பது மிக நன்று.

பத்தாம் வகுப்பில் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். கணிதத்தை விட்டவர் பொறியியலுக்கும், உயிரியலை விட்டவர் மருத்துவத்துக்கும் திரும்புதல் கடினம். அண்டை வீட்டார் பிள்ளை எதை எடுத்தது என்பது இதற்கு அளவுகோல் ஆகாது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஊர் மாற நேர்ந்தால், அதனால் எந்த வாயில் மூடும், எது திறக்கும் என்று கணக்கிட்ட பின்னரே பிள்ளையின் பள்ளியை மாற்றுக.

பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைக்கு உரிய வாயில்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தேர்வு, தகுதி, வேண்டிய சான்று ஆகியவற்றைக் குறிக்க. பன்னிரண்டாம் வகுப்பில் நாள்களைக் குறிக்க. அண்மை ஆண்டுகளில் ஜே.இ.இ. மெயின் முதற்கட்ட விண்ணப்பம் அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வந்துவிடுகிறது. நீட் தேர்வு மே முதல் ஞாயிறு அன்று நடைபெறுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் விண்ணப்பம் மே மாதத்தில் தொடங்குகிறது. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் கையேட்டை முழுவதும் படிக்காமல் கையொப்பம் இடாதீர்கள்.

என் தமக்கைக்கு ஒரு மகனும் உண்டு. அவன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோதே ஒரு கோப்புக் கட்டிவிட்டோம். அத்தானின் பெயர் இப்போது எல்லாத் தாள்களிலும் ஒன்றே. கோப்பின் மேலட்டையில் தம்பியின் பெயரை அழகாக எழுதிக் கொடுத்தவள் அவன் அக்காதான். உள்ளே வைக்க வேண்டிய தாள்களின் பட்டியலையும் அவளே எழுதினாள். நான் மறந்திருந்த இரண்டு அதில் இருந்தன.