தி.நகர் ஏ.சி.க்கு கமுதி நிலம்! மொட்டை மாடி சும்மா கிடக்க, வயலில் எதுக்கு சோலார்?

சென்னை,

பகல் 12 மணி. தி.நகர் உஸ்மான் ரோடு ஜவுளிக்கடைகளில் ஏ.சி. எல்லாம் முழு வேகத்தில் ஓடுகிறது. அந்த நேரத்தில் தமிழ்நாட்டு மின்கம்பிகளில் கலந்து வரும் கரண்டில் ஒரு பங்கு, சுமார் 500 கிலோ மீட்டருக்கு அப்பால் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உற்பத்தியாகிறது. வெயிலில் இருந்து எடுக்கும் சோலார் கரண்ட் அது.

மயிலாப்பூர் வீடுகளில் தாளிக்கிற குண்டு மிளகாய்க்கு பேர் போனதும் அதே ராமநாதபுரம் சீமைதான். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாய்க்கும் நிலம் வேண்டும், கரண்டுக்கும் நிலம் வேண்டும். இங்கேதான் சிக்கல்.

2,500 ஏக்கர், 25 லட்சம் பலகை

கமுதி சோலார் மின்நிலையம் 2016 செப்டம்பரில் முழு உற்பத்திக்கு வந்தது. அதானி நிறுவனம் சுமார் ரூ.4,550 கோடி செலவில் அமைத்தது. 648 மெகாவாட் திறன். சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் சோலார் பலகைகள். ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் அப்போது உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. அதற்குப் பிறகு ராஜஸ்தான் பட்லா போன்ற இடங்களில் இதைவிடப் பெரியவை வந்துவிட்டன.

பொதுவாக 1 மெகாவாட் சோலாருக்கு 4 முதல் 5 ஏக்கர் தேவை. பலகை போட்டுவிட்டால் அந்த நிலத்தில் வேறு வேலைக்கு இடமில்லை. சுற்றி கம்பி வேலியும் போட்டுவிடுவார்கள்.

காற்றாலை கதை வேறு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்சில் போனவர்களுக்குத் தெரியும். கோபுரம் நிற்கிற இடமும், போக வர பாதையும்தான் அதற்கு. மீதி நிலத்தில் உழலாம், ஆடு மேய்க்கலாம். ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக அடிக்கும். வருஷம் முழுக்க அதை நம்ப முடியாது. வெயில் அப்படி இல்லை. அதனால்தான் கம்பெனிகள் சோலாருக்கு நிலம் தேடி தென் மாவட்டங்களுக்குப் போகின்றன.

நிலக்கரி புகையைக் குறைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மழை தப்பினால் முதல் அடி வாங்குவதே விவசாயிதான். சோலார் வேண்டுமா, வேண்டாமா என்பது இப்போது பிரச்சினை இல்லை. எந்த நிலத்தில் என்பதுதான் பிரச்சினை.

'தரிசு' என்றால் சும்மாவா?

சோலாருக்கு தரிசு நிலத்தைத்தானே எடுக்கிறார்கள் என்று சிட்டியில் இருப்பவர்கள் சொல்வது வழக்கம். அரசு கணக்கில் தரிசு என்று எழுதியிருக்கும் நிலம் எல்லாம் சும்மா கிடப்பது இல்லை. ராமநாதபுரம் போன்ற மானாவாரி மாவட்டங்களில் ஒரு மழை பெய்தால் அதில் விதைப்பு நடக்கும். மழை இல்லாத வருஷம் ஆடு, மாடு மேயும். சீமைக் கருவேலம் வெட்டி கரிமூட்டம் போட்டு பிழைக்கும் குடும்பங்களும் உண்டு.

நிலத்தை விற்கிறவருக்கு பணம் கிடைக்கும். அந்த நிலத்தில் களை எடுத்தவர், மிளகாய் பழம் பறித்தவர், ஆடு மேய்த்தவர் கையில் எதுவும் வராது. பத்திரத்தில் அவர் பெயரே இருக்காது. சோலார் நிலையத்தில் கட்டுமானம் நடக்கும்போது நிறைய பேருக்கு வேலை இருக்கும். ஓட ஆரம்பித்த பிறகு காவலாளி, பலகை கழுவுகிறவர், சில டெக்னீசியன்கள் போதும். கமுதியில் கழுவுவதற்கே ரோபோ வைத்திருக்கிறார்கள். வேலை போனவர்கள் பஸ் ஏறினால் வந்து இறங்கும் இடம் பெரும்பாலும் சென்னைதான்.

காவிரி டெல்டாவுக்கு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு தோண்டுதல், தோல் தொழிற்சாலை போன்றவை அதில் தடை செய்யப்பட்டன. சோலார் அந்த தடைப்பட்டியலில் இல்லை. நஞ்சை நிலத்துக்கு இது ஒரு ஓட்டை என்றே சொல்ல வேண்டும்.

பலகைக்கு கீழே பயிர்

பலகையை 8 அடி, 10 அடி உயரத்தில் தூக்கி மாட்டினால் கீழே பயிர் வைக்கலாம். ஜப்பானில் இதை பல வருஷமாகச் செய்கிறார்கள். அங்கே 2013-ல் அரசு ஒரு கண்டிஷன் போட்டது. பலகை போட்ட பிறகு அந்தப் பகுதியின் வழக்கமான விளைச்சலில் 80 சதவீதமாவது வர வேண்டும். வராவிட்டால் அனுமதிக்கே ஆபத்து. கரண்ட் காசு வருகிறது என்று விவசாயத்தை கைவிட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. நம் ஊருக்கும் பொருந்தும் யோசனை.

ஜெர்மனியில் ஹெக்கல்பாக் என்ற ஊர் பண்ணையில் நடந்த சோதனையில், 2018 கடும் கோடையில் பலகைக்கு கீழே இருந்த உருளைக்கிழங்கு, திறந்த வெளியைவிட 11 சதவீதம் அதிகமாக விளைந்தது. வெயில் உச்சத்தில் நிழல் உதவியிருக்கிறது. ஜோத்பூரில் மத்திய அரசின் வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் 105 கிலோவாட் அளவில் இதை சோதனை செய்தது. பக்கத்து கேரளாவில் கொச்சி விமான நிலையத்தின் சோலார் பலகைகளுக்கு நடுவே காய்கறியே பயிரிடுகிறார்கள்.

எல்லா பயிருக்கும் இது சரிப்படாது. கீரை, இஞ்சி, மஞ்சள் போன்றவை ஓரளவு நிழல் தாங்கும். நெல்லுக்கு வெயில் வேண்டும், அறுவடை மெஷின் நுழையவும் இடம் வேண்டும். உயரமாக தூக்கிக் கட்ட இரும்பு செலவும் கூடும். 2019-ல் வந்த மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில், துணை மின்நிலையம் பக்கத்தில் இருக்கும் விவசாயிகள் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சோலார் அமைக்க வழி உண்டு. விளைநிலம் என்றால் பலகையை தூண் மேல் உயர்த்தி, கீழே பயிர் செய்யும்படி அமைக்க வேண்டும்.

மொட்டை மாடி கணக்கு

இனி சென்னைக்கு வருவோம். 1 கிலோவாட் சோலாருக்கு சுமார் 100 சதுர அடி மாடி போதும். நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் கிடைக்கும். 3 கிலோவாட் போட்டுட்டா, 2 மாச பில்லில் சுமார் 700 யூனிட் வரை கழியும். மழைக்காலத்தில் குறையும்.

கமுதியின் 648 மெகாவாட்டை மாடியிலேயே போட வேண்டும் என்றால் 3 கிலோவாட் வீதம் 2 லட்சத்து 16 ஆயிரம் மாடிகள் வேண்டும். 2011 மக்கள் தொகை கணக்கெடுப்பின்படி பழைய சென்னை மாவட்டத்தில் மட்டும் 11 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் இருந்தன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடையாறு, மயிலாப்பூர் பக்கம் 12 வீட்டுக்கு ஒரு மாடிதான். அதில் தண்ணீர் தொட்டி, லிப்ட் ரூம், துணி காயப்போடும் கொடி, வடாம் காயும் இடம் எல்லாம் போக மிச்சம் கொஞ்சம்தான். தி.நகர் கடைக்கு 5 ஆயிரம் சதுர அடி மாடி இருந்தால் ஒரு நாளைக்கு சுமார் 200 யூனிட் வரும். 5 மாடி ஏ.சி.க்கு அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். வாடகைக்கு இருப்பவர் பாடு இன்னும் மோசம். துணி காயவைக்கவே மாடி சாவி தராத ஓனர், சோலார் போட விடுவாரா?

அதனால் மாடி மட்டுமே போதாது. ஆனால் மாடியில் ஏறும் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் 4 ஏக்கர் தப்பும். திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் போன்ற பெரிய கட்டிடங்கள், மாநகராட்சி பள்ளிகள், வாரிய குடியிருப்புகள் ஆகியவற்றின் மாடிகளை முழுசாகப் பயன்படுத்திவிட்டு பிறகு வயலைப் பார்ப்பதுதான் நியாயம். 2003-ல் மழைநீர் சேகரிப்பை கட்டாயமாக்கியபோது முணுமுணுத்தபடியே சென்னை முழுக்க குழாய் போட்டார்கள். 2012-ல் வந்த தமிழ்நாடு சோலார் கொள்கை 2015-க்குள் 3 ஆயிரம் மெகாவாட் என்றது. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு ரூ.60 ஆயிரம், 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் ரூ.78 ஆயிரம் மானியம். அடுக்குமாடி சங்கங்கள் பொது விளக்கு, மோட்டார் போன்றவற்றுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு ரூ.18 ஆயிரம்.

ஊரில் நிலம் இருக்கா? உஷார்!

சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறவர், கடையில் நிற்கிறவர், கட்டிட வேலை பார்க்கிறவர் பலருக்கு சொந்த ஊரில் ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் உண்டு. "சோலாருக்கு கேட்குறாங்க, நல்ல ரேட்" என்று புரோக்கர் போன் போட்டால் அவசரப்படக் கூடாது.

முதலில் விற்பனையா, குத்தகையா என்று கேட்க வேண்டும். விற்றால் ஒரே தடவை பணம், நிலம் போச்சு. குத்தகை என்றால் பெரும்பாலும் 25 வருஷத்துக்கு மேல் போடுவார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை கட்டாயம் பத்திரப்பதிவு செய்ய வேண்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பர் செல்லாது.

பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால், அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லார் பங்கும் அதில் உண்டு. அதை சரி செய்யாமல் கையெழுத்துப் போட்டால் பிறகு கோர்ட்டு, கேஸ் என்று அலைய வேண்டும். புரோக்கருக்கு பவர் எழுதிக் கொடுக்கவே கூடாது.

வாடகை வருஷா வருஷம் எவ்வளவு ஏறும், வேலி போட்டால் பக்கத்து நிலத்துக்காரர் வண்டிப்பாதையும் மழைத் தண்ணீர் வரும் ஓடையும் அடைபடுமா, 25 வருஷம் கழித்து கான்கிரீட்டையும் இரும்பையும் யார் செலவில் பிடுங்கி எடுப்பது ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் ஒரு காப்பி கேட்டு வாங்கி, தெரிந்த வக்கீலிடம் காட்டிய பிறகு கையெழுத்துப் போடலாம்.