ஓடினால் சளி பிடிக்குமா? வாழைப்பழத்தில் ஒரு ரகசியம்!

அனந்தபுரம்–

போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டு விடியற்காலையில் ரோட்டில் ஓடும் வாலிபர்களை அனந்தபுரம், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பார்க்கலாம்.

"வெறும் வயித்துல ஓடினாத்தான் உடம்பு இறுகும்" என்பது மைதானத்துப் பேச்சு. "ரொம்ப ஓடாதடா, காய்ச்சல் வந்துடும்" என்பது வீட்டில் அம்மாவின் பேச்சு.

இதில் யார் சொல்வது சரி?

போலீஸ் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். இதற்கு உடம்பில் ஏற்கனவே இருக்கும் சர்க்கரையே தாராளம். குளுக்கோஸ் பாக்கெட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

ஆனால் அதே வாலிபர் சென்னை மாரத்தானில் 42 கிலோ மீட்டர் ஓடக் கிளம்பினால் கதையே வேறு!

100-க்கு 13 பேர்

1987-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மாரத்தான் நடந்தது. டேவிட் நீமன் என்ற ஆராய்ச்சியாளர் 2 ஆயிரத்து 300-க்கும் மேற்பட்ட வீரர்களிடம் விவரம் சேகரித்தார்.

ஓடியவர்களில் 100-க்கு 13 பேர் ஒரே வாரத்தில் சளி, காய்ச்சல் என்று படுத்துவிட்டார்கள். பயிற்சி எடுத்தும், நோய் அல்லாத வேறு காரணத்தால் ஓடாதவர்களில் 100-க்கு 2 பேர்தான் படுத்தார்கள்.

அம்மா சொன்னதிலும் விஷயம் இருக்கிறது!

ஸ்டேஷனில் ஆள் இல்லை

சோறு, இட்லியில் உள்ள மாவுச்சத்தைத் தசையும் கல்லீரலும் சேமித்து வைக்கின்றன. ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடாமல் ஓடினால் இருப்பு கரைகிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. உடனே 'கார்ட்டிசால்' என்ற சுரப்பு ஏறுகிறது. அது கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை அடக்கும்.

ஓட்டம் முடிந்ததும் ரத்தத்தில் சில வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் குறைகிறது. "செத்துவிட்டன" என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

2018-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை மறுத்தார்கள். ஸ்டேஷனில் போலீஸ் இல்லை என்றால் ஓடிப் போய்விட்டார்கள் என்று அர்த்தமா? ரோந்து போயிருக்கலாம் அல்லவா? அதுபோல அந்த அணுக்கள் நுரையீரல், குடல் பக்கம் கிருமி தேடிப் போயிருக்கும் என்பது அவர்கள் வாதம். சளிக்குக் கூட்ட நெரிசல், தூக்கக் குறைவு, பயணம் ஆகியவையும் காரணமாகலாம் என்றார்கள்.

அரைப் பழம்

ஓடும்போதே சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் கார்ட்டிசால் அவ்வளவாக ஏறாது என்று நீமன் சோதனைகளில் தெரிந்தது. லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை, அவ்வளவுதான்.

2012-ல் 14 சைக்கிள் வீரர்களை 75 கிலோ மீட்டர் ஓட்டவிட்டுக் கால் மணிக்கு ஒரு தடவை சுமார் அரை வாழைப்பழம் கொடுத்தார். விலை உயர்ந்த பானத்துக்குப் பழம் சளைக்கவில்லை! (செலவுக்குப் பணம் கொடுத்தது பழ வியாபாரம் செய்யும் டோல் கம்பெனி. அதையும் சொல்லியாக வேண்டும்.)

சுரப்பு குறைவது உண்மை. ஆனால் அதனால் சளியும் வராது என்பது இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

ஒன்றரை மணிக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். நடுத்தரப் பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. காய்ச்சல் அடிக்கும் நாளில் பழமும் வேண்டாம், பானமும் வேண்டாம். ஓட்டத்தையே நிறுத்திவிட வேண்டும்.