வெள்ளிக்கிழமை இரவின் பொதுப் பந்தி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் யூத மாணவர்களுக்கெனத் தனி மன்றம், தனிச் சமையலறை, வாரந்தோறும் வெள்ளிக்கிழமை இரவு விருந்து எல்லாம் உண்டு. எல்லா இனத்தவரும் மதத்தவரும் கலந்து படிக்க வேண்டிய இடத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் எப்போதும் இருந்தார்கள். காஸா போரை ஒட்டி வளாகங்கள் கொந்தளித்த பிறகு அந்தக் கேள்வி இன்னும் உரக்கக் கேட்கிறது. கேள்வி நியாயமானது, பதில் நூறாண்டு வரலாற்றில் இருக்கிறது. வாசலில் தடுக்கப்பட்ட ஒரு சமூகம் உள்ளே வந்து காலூன்றுவதற்காகத்தான் இந்த இடங்கள் உருவாயின. அந்தத் தேவை இன்றும் தீரவில்லை. ஆனால் இந்த மன்றங்கள் தம் கதவைத் தாமே குறுக்கிக்கொண்டால், அவை உருவான நியாயமே அடிபட்டுப்போகும்.

ஹார்வர்டில் 1900-இல் சுமார் 7 சதவீதமாக இருந்த யூத மாணவர்கள், 1922-இல் 21 சதவீதத்தைத் தாண்டினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல் இதற்கு வரம்பு கட்ட வேண்டும் என்று வெளிப்படையாகவே முன்மொழிந்தார். எதிர்ப்பு கிளம்பியதால் நேரடி வரம்பு கைவிடப்பட்டது. வேலை கொல்லைப்புற வழியாக நடந்தது. 1922-இன் புதிய விண்ணப்பப் படிவம், பிறந்ததிலிருந்து உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டது. பின்னர் மதிப்பெண்ணோடு 'குணநலன்' என்ற அளவுகோலும் வந்து சேர்ந்தது. குணத்தை எந்தத் தராசில் நிறுப்பது என்பதை அதிகாரிகளே முடிவு செய்தார்கள். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஸ்டான்ஃபோர்டின் கதை இன்னும் அமைதியாக நடந்தது. யூத மாணவர்கள் நிறைந்த பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியிலிருந்து 1949 முதல் 1952 வரை அங்கே சேர்ந்தவர்கள் 67 பேர். அடுத்த மூன்றாண்டுகளில் 13 பேர். ஃபேர்ஃபேக்ஸ் பள்ளியின் எண்ணிக்கை 20-இலிருந்து ஒன்றாகச் சுருங்கியது. பல்கலைக்கழகம் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2022-இல்.

இடம் கிடைத்தவர்களுக்கும் மேசை கிடைத்தது என்று சொல்ல முடியாது. பிரின்ஸ்டனில் அந்நாளில் மேல்வகுப்பு மாணவர்கள் சாப்பிட்டதும் பழகியதும் உணவு மன்றங்களில்தான். யாரைச் சேர்ப்பது என்பதை மன்ற உறுப்பினர்களே தீர்மானித்தார்கள். 1958-இல் எந்த மன்றமும் ஏற்காமல் 23 மாணவர்கள் நின்றார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் யூதர்கள். பட்டத்துக்குத் தகுதி, பந்திக்குத் தகுதியில்லை என்ற நிலை அது. தனி மன்றம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த ஆண்டை மறக்கக் கூடாது.

இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் இயங்கும் ஹில்லெல் அமைப்பு, 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யூத மாணவர்கள் தங்கள் வேதத்தையும் மரபையும் அறியாமலே வளர்கிறார்களே என்று முதலில் கவலைப்பட்டவர், அங்கே கற்பித்த எட்வர்ட் சான்சி பால்ட்வின் என்ற கிறித்தவப் பேராசிரியர். பெஞ்சமின் ஃபிராங்கெல் என்ற இளம் ரப்பி (யூத மதகுரு) அமைப்பின் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டே ப்னே ப்ரித் என்ற யூதச் சங்கம் ஆதரவுக்கு வந்தது. ஃபிராங்கெல் 1927-இல் இளவயதிலேயே இறந்தபின் அந்தப் பணியைத் தொடர்ந்தவர் ஏப்ரம் சாக்கர் என்ற வரலாற்றாசிரியர். 1948-இல் பாஸ்டன் அருகே யூதச் சமூகத்தின் ஆதரவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே. எல்லா மதத்தவருக்கும் திறந்த அந்த வளாகத்தில் யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் பிரிவினர் ஆகியோருக்கு மூன்று சிற்றாலயங்கள் கட்டினார்கள். ஒன்றன் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி அவை அமைக்கப்பட்டன. ஒதுக்கலின் வலியை அறிந்தவர்கள் தாங்களே ஒரு நிறுவனம் எழுப்பியபோது அப்படிச் செய்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்த மன்ற வாழ்க்கையின் நடுநாடி சமையலறை. கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பானைகள், கத்திகள், பாத்திரம் கழுவும் தொட்டிகள் தேவை. முட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்து, இரத்தப் புள்ளி இல்லையென்று பார்த்த பிறகே கலவையில் சேர்க்கிறார்கள். கீரைகளை அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்க்கிறார்கள். இத்தனைக்கும் மஷ்கியா என்ற மேற்பார்வையாளர் பொறுப்பு. பொது உணவகத்தின் ஒரு மூலையில் இதைச் செய்துவிட முடியாது. தனிச் சமையலறை என்பது வெறும் ஆடம்பரமல்ல. வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குள் சமையல் முடிகிறது. அதன்பின் மறுநாள் இரவுவரை சபாத் என்ற ஓய்வு நாள். விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றும் மாணவர் எழுதமாட்டார், விளக்குப் போடமாட்டார், அட்டையைக் காட்டித் திறக்கும் விடுதிக் கதவையும் தொடமாட்டார். பெரிய மன்றங்களில் ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ், ரிஃபார்ம் பிரிவினர் தனித்தனி அறைகளில் வழிபடுகிறார்கள். ஓர் அறையில் ஆணும் பெண்ணும் திரைக்கு இருபுறம் அமர்வார்கள். இன்னோர் அறையில் ஒரு பெண்ணே வழிபாட்டை நடத்துவார். வழிபாடு முடிந்ததும் எல்லோரும் ஒரே கூடத்துக்கு வருகிறார்கள். திராட்சை ரசத்தின் மேல் ஆசி சொல்லி, கைகழுவி, இரண்டு பின்னல் ரொட்டிகளைப் பிட்டுப் பகிர்கிறார்கள். யூதரல்லாத நண்பர்களும் பந்தியில் உண்டு. ஊர்களில் இந்தப் பிரிவினருக்குத் தனித்தனி ஜெப ஆலயங்கள். வளாகத்தில்தான் ஒரே மேசை.

ஒரு மதத்துக்குச் சலுகை தந்தால் பல்கலைக்கழகத்தின் பொதுத்தன்மை என்னாவது என்ற ஆட்சேபத்துக்கு வருவோம். பொது நாள்காட்டி என்று நாம் நினைப்பது ஏற்கெனவே ஒரு மதத்துக்கு இசைவானது. ஞாயிறு விடுமுறை, டிசம்பர் இறுதியில் விடுமுறை. யூதப் புத்தாண்டும் பாவ நிவர்த்தி நோன்பும் செப்டம்பர், அக்டோபரில், வகுப்புகள் சூடுபிடிக்கும் வேளையில் வருகின்றன. நோன்பு நாளன்று தேர்வு வந்தால் மாற்றுத் தேதி கேட்பது சலுகை அல்ல. பிறரிடமிருந்து எதையாவது பறிக்கிறதா என்பதே இதற்கெல்லாம் சரியான உரைகல். யேல் பல்கலைக்கழகத்தில் 1997-இல் ஐந்து ஆர்த்தடாக்ஸ் மாணவர்கள், ஆணும் பெண்ணும் சேர்ந்து வசிக்கும் விடுதியில் தங்குவதிலிருந்து விலக்குக் கேட்டார்கள். நிர்வாகம் மறுத்தது, நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. திருமணமானவர்களுக்கும் 21 வயது நிறைந்தவர்களுக்கும் அதே விலக்கு அப்போது இருந்தது. ஐந்து பேர் வெளியே தங்கியிருந்தால் யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது. நிர்வாகம் இணங்கியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கடினமான ஆட்சேபம் வேறு: இந்த மன்றங்கள் இஸ்ரேல் அரசின் வளாகக் கிளைகளாகிவிட்டன என்பது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்வோரோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தக் கூடாது என்று ஹில்லெல் 2010-இல் வகுத்த விதியை எதிர்த்து, 2013-இல் ஸ்வார்த்மோர் கல்லூரி யூத மாணவர்கள் தங்கள் மன்றம் எல்லோருக்கும் திறந்தது என்று அறிவித்தார்கள். 2015-இல் அவர்கள் ஹில்லெல் என்ற பெயரையே துறக்க நேர்ந்தது. மறுபக்கமும் உண்மையானது. 2024 ஏப்ரலில் கொலம்பியாவில், பாதுகாப்பில்லை, வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று ஒரு ரப்பி யூத மாணவர்களுக்கு அறிவுரை சொன்னார். அதே வாரம் அங்கே பாலஸ்தீன ஆதரவுக் கூடாரங்களுக்கு நடுவே வேறு யூத மாணவர்கள் அமர்ந்து பாஸ்கா விருந்து உண்டார்கள். அஞ்சியவர்களும் யூதர்கள், கூடாரத்தில் இருந்தவர்களும் யூதர்கள். ஒருவனின் மதத்தைக் கொண்டு அவன் அரசியலைக் கணித்து, வகுப்பில் அவனைப் பதில் சொல்லச் சொல்வது அநீதி. ஒருவனின் அரசியலைக் கொண்டு அவன் யூதத்தன்மையை அளப்பதும் அநீதியே.

வழிபாட்டில் மூன்று பிரிவினரை ஒரே மேசைக்குக் கொண்டுவர முடிந்த மன்றத்துக்கு, அரசியலில் மாறுபடுவோரை அமரவைப்பதும் கைகூடாத காரியமல்ல. நிர்வாகங்கள் தேர்வுத் தேதி, உணவு, விடுதிச் சாவி ஆகியவற்றை மாணவர் கெஞ்சாமலே ஒழுங்கு செய்து தர வேண்டும். மன்றங்கள், யாரோடு பேசலாம் என்று மாணவருக்கு வரையறுக்கும் விதியை விலக்கிக்கொள்ள வேண்டும்.