நம் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது?

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்தார். அது பொதுநீரைத் தொடும் உரிமைக்கான போராட்டம். குடிக்கும் நீரில் என்ன கலந்திருக்கிறது என்று அறிவதும் அதே உரிமையின் தொடர்ச்சிதான்.

ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கு குரோமேட் ரசாயனம் தயாரித்த ஆலை 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகம். மழையில் கரைந்த குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. வசதி உள்ளவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வார்கள். தோல் ஷாப்புக்கும் வயலுக்கும் கூலிக்குப் போகும் நம் சேரி மக்களுக்குக் கைபம்பும் போர்வெல்லும்தான்.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஈயத்துக்கு அந்த அளவு 0.01. இவ்வளவு சிறிய அளவு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது.

இங்கேதான் ஒளி உணரிகள் உதவுகின்றன. அமிலம் சேர்த்த நீரில் டைபீனைல் கார்பசைடு என்ற வேதிப்பொருளைக் கலந்தால், நச்சுத்தன்மை மிகுந்த குரோமியம்-6 இருக்கும் நீர் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக மாறும். அந்த நீருக்கு ஒரு பக்கம் பச்சை எல்.இ.டி. விளக்கு, மறுபக்கம் ஒளியை அளக்கும் உணரி. குரோமியம் கூடக் கூட நிறம் அடர்ந்து, மறுபக்கம் சேரும் ஒளி குறையும். அந்தக் குறைவே அளவைச் சொல்லிவிடும். கண்ணால் பிரித்தறிய முடியாத வெளிர் நிறத்தையும் உணரி பிடித்துவிடும். கல்லூரி ஆய்வகங்களில் உள்ள கலரிமீட்டர் வேலை செய்வதும் இப்படித்தான். வேதியியல் மாணவர்கள் ஆசிரியர் துணையோடு தங்கள் ஊர் நீரைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஊராட்சிகளில் உள்ள களப் பரிசோதனைப் பெட்டி கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றைக் காட்டும். கன உலோகங்கள் வழக்கமாக அதில் வராது. எனவே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மாதிரி கொடுக்கும்போது, 'உலோகங்களையும் சோதியுங்கள்' என்று எழுதிக் கேட்க வேண்டும். ஊர்த்தெரு தொட்டியோடு சேரித்தெரு தொட்டியிலும் தனியாக மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. 'எங்கள் தெருத் தண்ணீரின் சோதனை முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள்' என்று அங்கே தீர்மானம் கொண்டுவருவோம். மனுவோடு அளவும் கையில் இருந்தால் அதிகாரிகளால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.